கறள் பிடித்த பெற்றோமக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அப்போதுதான் வன்னியில் பல வீடுகளில் பரணில் கிடந்த பெற்றோமக்ஸ் லாம்புகள் கீழே இறங்கின. மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற காலம் அது. ஆனாலும் இறக்கிய லாம்பைத் திரும்பப் பரணில் போட மனம் வராமல் என்னிடம் கொண்டுவந்தவர்கள் கனபேர். கிளிநொச்சிப் பக்கம் தண்ணீர்ப் பம்பும் சைக்கிளும் திருத்துகிறவன் நான். லாம்பு திருத்துவது தகப்பனிடமிருந்து வந்த பழக்கம். வருகிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு ஆறுதலாகப் பதில் எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன்.

எந்த லாம்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்? எல்லாம் பெற்றோமக்ஸ்தானா?

காற்றடித்து மண்ணெண்ணெயை ஆவியாக்கி மென்டில் வலையில் எரிக்கும் லாம்பு எல்லாவற்றையும் நாங்கள் பெற்றோமக்ஸ் என்றுதான் சொல்லுகிறோம். உண்மையில் அது ஜெர்மனியில், பேர்லினில் இருந்த ஏரிஹ் அன்ட் கிரேட்ஸ் கம்பனியின் பெயர். 1910 அளவில் மக்ஸ் கிரேட்ஸ் என்பவர் உருவாக்கினார். பெற்றோலியத்தில் பாதி, அவருடைய பெயர் மக்ஸ், இரண்டையும் சேர்த்ததுதான் அந்தச் சொல். அதே அச்சில் சீனாவிலும் இந்தியாவிலும் போர்த்துக்கலிலும் லாம்புகள் செய்தார்கள். பிரிட்டனின் ரில்லி லாம்பு வேறு அமைப்பு. திரி போட்டு எரிக்கும் அரிக்கன் லாம்புக்குள் அழுத்தம் இல்லை. அதனால் தாங்கி, அதாவது எண்ணெய் நிற்கும் அடிப்பாத்திரம் பற்றி நான் கீழே சொல்லுகிறவை அதற்குப் பொருந்தாது. மற்ற இரும்பு வேலை எல்லாம் பொருந்தும்.

எது இரும்பு, எது பித்தளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் வெள்ளிபோல மினுங்குகிறதே.

பழுதான றேடியோ ஸ்பீக்கரில் இருந்து காந்தத்தைக் கழற்றி எடுங்கள். இரும்பில் வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். பித்தளையில் ஒட்டாது. ஒரு நுணுக்கம் இருக்கிறது: பித்தளைக்கு மேல் நிக்கல் பூசியிருந்தால் காந்தம் லேசாக இழுப்பதுபோல இருக்கும், ஏனென்றால் நிக்கலும் காந்தத்துக்கு இழுபடும் உலோகம்தான். அந்த மெல்லிய இழுவையை இரும்பென்று எண்ணிவிட வேண்டாம். சந்தேகம் என்றால் தாங்கியின் அடிப்பக்கத்தில் பூச்சு தேய்ந்த இடத்தைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, செம்மண் நிறம் தெரிந்தால் இரும்பு.

பொதுவாக வெளிச்சட்டம், மேல்மூடி, தூக்கும் கைபிடி, ஸ்பிரிங்குகள் இவையெல்லாம் இரும்பு. ஆவிக்குழாயும் அதன் நுனியில் ஆவி பீறிடும் நிப்பிளும் பித்தளை. தாங்கிதான் லாம்புக்கு லாம்பு மாறும். அதைக் கட்டாயம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முழுக்கக் கறளாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

சாண்ட் பேப்பரைக் கையில் எடுக்காமல் தொடங்க வேண்டும். கறளைக் கண்டவுடன் தேய்க்கத்தான் கை போகும். அப்படித் தேய்த்து, நல்லாக இருந்த நிக்கல் பூச்சையும் உரித்துக்கொண்டு வந்த லாம்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போன பூச்சு வீட்டில் திரும்ப வராது.

முதலில் லாம்பை மேசையில் வைத்து நாலு பக்கமும் போன் கமராவில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய துணியில் மூன்று குவியலாக வையுங்கள். காற்றழுத்தம் தாங்கும் சாமான் ஒரு குவியல்: தாங்கி, பம்ப் குழாய், வால்வு. லாம்பின் பாரத்தைத் தாங்கும் சாமான் இன்னொரு குவியல்: கைபிடி, அது கொழுவும் காது, சட்டத்தின் கால்கள். மிச்சமெல்லாம் மூன்றாவது. மூன்றாவதில் எவ்வளவு கறள் இருந்தாலும் நித்திரை கெட வேண்டாம், அது பார்வைக்குத்தான். முதல் இரண்டிலும் சுண்டுவிரல் நக அளவுக் கறளைக் கண்டாலும் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மேல்மூடியைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் தாங்கியைத்தான் முதலில் கையில் எடுப்பேன்.

நட் ஒன்றும் அசையவில்லை. சுத்தியலால் தட்டலாமா?

கறள் என்பது இரும்பு தின்ற மிச்சம் மட்டுமில்லை. இரும்பு இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடத்தை அது பிடிக்கும். மரைக்குள் ஊதிப்போய் இறுகிக்கொண்டு நிற்கிறது. பலத்தைப் போட்டால் ஆணித் தலை உடையும், இல்லையென்றால் பித்தளை மரை சிதையும்.

டீசலும் கொஞ்சம் கியர் எண்ணெயும் கலந்து ஒரு கோழியிறகால் மரையடியில் விடுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மூன்று நாள். இடையிடையே மரப்பிடியால் மெதுவாகத் தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கொதிநீரை ஊற்றுங்கள். சூடேறினால் பித்தளை இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். பித்தளைக்குள் இறுகிய இரும்பு ஆணி அந்தச் சூட்டில்தான் இளகும். ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கி, இரண்டு மூன்று தடவை செய்தால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. திருப்பும்போது முதலில் ஒரு முடி அளவு இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

தாங்கியோடு சேர்ந்த மரைகளில் நெருப்புச் சுவாலை காட்டவே கூடாது. உள்ளே ஆவி இருக்கும். அதோடு பல லாம்புகளில் தாங்கியின் பொருத்துகள் ஈயத்தால் ஒட்டியவை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 பாகையிலேயே உருகத் தொடங்கும்.

வினாகிரி, தேசிக்காய், பழப்புளி. இதில் எது நல்லது?

மூன்றும் அமிலம்தான். வினாகிரியில் அசிற்றிக் அமிலம் 4–5 வீதம், தேசிக்காய்ச் சாற்றில் சித்திரிக் அமிலம் 5–6 வீதம், பழப்புளியில் இருப்பது தாத்தாரிக் அமிலம். எங்கள் அம்மாக்கள் குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் போட்டுப் பொச்சால் தேய்த்தது பித்தளைக்குச் சரியான வைத்தியம். இரும்புக்கு நான் வினாகிரியைத்தான் எடுப்பேன். வாங்குவது சுகம், சாமானை முழுக்க மூழ்கவைக்கலாம்.

கழற்றிய இரும்புச் சாமானைச் சோப்புப்போட்டு எண்ணெய்ப்பசை போகக் கழுவிவிட்டு வினாகிரியில் போடுங்கள். எண்ணெய் இருந்தால் அமிலம் பிடிக்காது. சின்ன ஆணிக்கு ஓர் இரவு போதும், சட்டத்துக்கு ஒன்றரை நாள் வரை போகலாம். நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். கறுப்புச் சேறு கழன்று சாம்பல் நிற இரும்பு தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். மறந்துபோய்க் கிழமைக்கணக்கில் விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் தின்னும்.

எடுத்தவுடன் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறியுங்கள். பிறகு நல்ல தண்ணீர், உடனே துணி, உடனே வெயில். இந்த 'உடனே' முக்கியம். அமிலத்தில் இருந்து வந்த இரும்பு பச்சைப்பிள்ளை மாதிரி. ஈரத்தோடு அரைமணி நேரம் விட்டால் மஞ்சள் கறள் திரும்பப் படர்ந்துவிடும்.

பித்தளையையும் இரும்பையும் ஒரே பாத்திரத்தில் போடவே வேண்டாம். பித்தளையில் இருந்து கரையும் செம்பு இரும்பின்மேல் இளஞ்சிவப்பாகப் படியும். பித்தளையைத் தனியாகப் போட்டாலும் பத்து நிமிடத்துக்குமேல் விடக்கூடாது. நேரம் போனால் மேலிருக்கும் துத்தநாகம் கரைந்து பித்தளை ரோஸ் நிறமாகிவிடும்.

பற்றரியைக் கொடுத்துக் கறள் எடுக்கலாம் என்கிறார்களே?

எடுக்கலாம். எனக்குப் பிடித்த முறையும் அதுதான், ஏனென்றால் அது கறளை மட்டும் கழற்றும், நல்ல இரும்பைத் தின்னாது. சோலர் வைத்திருக்கும் வீடுகளில் 12 வோல்ற் பற்றரி எப்படியும் இருக்கும்.

ஒரு பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர் எடுத்து லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச்சோடா கரையுங்கள். கறள் பிடித்த சாமானைக் கம்பியில் கட்டி வாளியின் நடுவில் தொங்கவிட்டு, பற்றரியின் மறைமுனையை, அதாவது கறுப்பு வயரை, அதற்குக் கொடுங்கள். சிவப்பு வயரை ஒரு பழைய இரும்புத் துண்டுக்குக் கொடுத்து வாளிச் சுவரோடு நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் சாமானைச் சுற்றி மெல்லிய நுரை எழும். நுரை எழுந்தால் வேலை நடக்கிறது. சாமானின் எந்தப் பக்கம் சிவப்பு முனை இரும்பைப் 'பார்க்கிறதோ' அந்தப் பக்கக் கறள்தான் வேகமாகக் கழரும். அதனால் இடையில் சாமானைத் திருப்பிவிட வேண்டும். திருப்புவதற்கு முன் வயரைக் கழற்றுங்கள்.

வயரை மாற்றிக் கொடுத்தால் லாம்புச் சாமான் கரைந்து பழைய இரும்புத் துண்டு பளபளக்கும். ஆகவே இரண்டு தடவை பாருங்கள். சிவப்பு முனைக்குக் கறள் பிடிக்காத எவர்சில்வர் கரண்டியையோ குரோம் பூசிய சாமானையோ போட வேண்டாம். அதில் இருக்கும் குரோமியம் நச்சுப்பொருளாகத் தண்ணீரில் கரையும். நுரையில் வருவது ஐதரசன், தீப்பொறி பட்டால் பற்றும். வாளியை மரநிழலில், வெளியில் வையுங்கள், அறைக்குள் வேண்டாம். அலுமினியச் சாமான், ஸ்பிரிங், நிப்பிள் ஊசி எதையும் இந்த வாளியில் போடக்கூடாது. ஐதரசன் உள்ளே ஏறினால் விறைப்பான உருக்கு ஸ்பிரிங் பிறகு சடக்கென்று முறியும்.

சலவைச்சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்புப் போட்டால் வேகமாமே?

வேகம்தான், ஆனால் குளோரின் வரும். ஒரு காலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சித்தான் கொஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். அதே வேலையை உங்கள் வாளியில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாயு மூச்சுக்குக் கூடாது. உப்பு இரும்புக்குள் ஒளித்துக்கொண்டு பிறகும் கறளை வளர்க்கும்.

பற்றரி அசிட்டைத் தேய்த்தால் ஒரு நிமிடத்தில் போகும் என்று ஒருவர் சொன்னார்.

கறளோடு லாம்பும் போகும், கண்ணில் தெறித்தால் கண்ணும் போகும். செய்யாதீர்கள்.

கடற்கரைப் பக்கம் பாவித்த லாம்பு. எவ்வளவு தேய்த்தாலும் மாதத்துக்குள் திரும்பக் கறள் பிடிக்கிறது. ஏன்?

முல்லைத்தீவுக் கரையில் இருந்தும் நந்திக்கடலில் இரவில் இறாலுக்குப் போனவர்களிடம் இருந்தும் வந்த லாம்புகள் எல்லாவற்றுக்கும் இதே நோய்தான். 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய லாம்பு ஒன்றை நான் மூன்று தடவை சுத்தம் செய்திருக்கிறேன். மூன்றாவது தடவைதான் காரணம் விளங்கியது. உப்பு கறளுக்கு அடியில், இரும்பில் விழுந்த சின்னக் குழிகளுக்குள் இருக்கிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது அங்கேயே இருந்து காற்றின் ஈரத்தை இழுக்கும்.

அதனால் உப்புக் கண்ட சாமானை வினாகிரிக்கு முன்பே நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். கிளிநொச்சிக் கிணறுகள் சிலவற்றில் உவர் உண்டு, ஆகவே மழைநீர் கிடைத்தால் மிகவும் நல்லது. கொஞ்சம் சலவைச்சோடா சேர்த்தால் ஊறும்போது புதுக் கறள் பிடிக்காது. ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்றி ஒரு கிழமை. கறளை எடுத்த பிறகும் இரண்டு நாள். பொறுமை வேண்டிய வேலை. நான் கண்டவரைக்கும் வேறு வழி இல்லை.

தாங்கிக்குள் கறள். குலுக்கினால் மணல்போலச் சத்தம் கேட்கிறது. எரிக்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். பார்க்காமல் எரிக்கக் கூடாது.

எரியும்போது தாங்கிக்குள் அழுத்தம் சுமார் 2 பார் இருக்கும், ஒரு கார் ரயருக்குள் இருக்கும் அளவு. உள்ளே ஒரு லீற்றர் அளவு மண்ணெண்ணெய், ஒரு சாண் உயரத்தில் சுவாலை. அடித்தட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் எண்ணெய் பீச்சி அடிக்கும். அது எங்கே போய்ப் பற்றும் என்று சொல்லத் தேவையில்லை.

இரும்புத் தாங்கி எப்போதும் கீழேயிருந்துதான் சாகும். மண்ணெண்ணெயில் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். தண்ணீர் பாரம், அடியில் போய் நிற்கும். பத்து வருடம் பரணில் கிடந்த லாம்புக்குள் எண்ணெய் ஆவியாகிப்போக அந்த ஒரு கரண்டித் தண்ணீர் அடித்தட்டின் விளிம்பில் வட்டமாகத் தங்கி இரும்பைத் தின்றுகொண்டிருக்கும்.

முதலில் மிச்ச எண்ணெயை ஊற்றி எடுத்துவிட்டுத் தாங்கியைச் சூடான சோப்புத்தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசிக் காயவையுங்கள். பிறகு சுத்தியல் வேண்டாம், ஒரு மரக் கரண்டியால் அடித்தட்டைச் சுற்றித் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உளுத்த இடம் அட்டைப்பெட்டிபோல 'டொப்' என்னும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அந்தத் தாங்கியின் ஆயுள் முடிந்தது.

அடுத்தது இருட்டறைப் பரிசோதனை. சாவிக்கொத்தில் வரும் சின்ன எல்.ஈ.டி. லைற்றை நூலில் கட்டி எண்ணெய் ஊற்றும் வாயால் உள்ளே இறக்கி, அறையை இருட்டாக்கிக் கண் பழகும்வரை இருங்கள். தாங்கியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் நட்சத்திரம்போல ஒரு புள்ளி தெரியும். ஒருமுறை ஒரு அம்மா கொண்டுவந்த தாங்கியில் மின்மினிப் பூச்சிகள்போல ஏழு புள்ளிகள். வெளியில் பார்த்தால் புது லாம்பு மாதிரி மினுங்கிய தாங்கி அது.

இரண்டிலும் தப்பினால் உட்பக்கத்தைச் சுத்தம் செய்யலாம். வினாகிரியை ஊற்றி, 20 சின்ன இரும்பு நட்டுகளை எண்ணிப்போட்டு, வாயை மூடி, பத்து நிமிடம் குலுக்குங்கள். ஓய்வு எடுத்துத் திரும்பக் குலுக்குங்கள். ஓர் இரவுக்குமேல் வினாகிரியை உள்ளே விட வேண்டாம். பிறகு அப்பச்சோடாத் தண்ணீர், நல்ல தண்ணீர். 20 நட்டும் வெளியே வந்ததா என்று எண்ணுங்கள்.

கடைசியாகத் தண்ணீர் அழுத்தப் பரிசோதனை. தாங்கியைக் கழுத்துவரை தண்ணீரால் நிரப்பி, எல்லாத் துவாரத்தையும் இறுக்கி, அழுத்தமானியின் சிவப்புக் கோடுவரை காற்றடியுங்கள். தாங்கி நிரம்பியிருப்பதால் கொஞ்ச அடியிலேயே முள் ஏறிவிடும், கண் அதிலேயே இருக்கட்டும். வெறும் காற்றால் சோதித்தால் உடையும்போது வெடிக்கும். தண்ணீர் சுருங்காத பொருள், அதில் உடைந்தால் ஒழுகுவதோடு நிற்கும். அரைமணி நேரம் காய்ந்த கடதாசிமேல் வைத்துப் பாருங்கள். கடதாசியில் ஒரு சொட்டு ஈரம் என்றாலும் அது ஓட்டைதான்.

சோதனை முடிந்ததும் தண்ணீரை ஊற்றி, நெருப்பில்லாத இடத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுக் குலுக்கி எடுத்து, பங்குனி வெயிலில் ஒரு நாள் வாயைத் திறந்து வையுங்கள்.

ஓட்டை இருந்தால் வெல்டிங் பிடிக்கலாமா? எபொக்சி பூசலாமா?

மண்ணெண்ணெய் இருந்த தாங்கிக்கு நெருப்புக் காட்டுவது மரணத்தோடு விளையாடுவது. காலியாகத் தெரியும் தாங்கிக்குள்தான் ஆவி இருக்கும், அதுதான் வெடிக்கும். வெல்டிங் தெரிந்தவர் என்றாலும் சும்மா கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

எபொக்சி ஓட்டையை அடைக்கும், ஆனால் ஓட்டையைச் சுற்றி மெலிந்துபோன தகட்டுக்குப் பலம் கொடுக்காது. ஓர் இடத்தில் ஓட்டை என்றால் பக்கத்தில் பத்து இடம் ஓட்டையாகக் காத்திருக்கிறது. இரும்புத் தாங்கி உளுத்துப்போனால் வேறு தாங்கி தேடுங்கள். இரண்டு உடைந்த லாம்பில் இருந்து ஒரு நல்ல லாம்பு சேர்ப்பது எங்கள் ஊரில் புதிதில்லை. யுத்தத்தின்போதிருந்த பொருளாதாரத் தடைக்காலம் முழுக்க அப்படித்தான் எல்லாச் சாமானும் ஓடியது.

என்னுடையது பித்தளைத் தாங்கி. பயமில்லைத்தானே?

கறள் பிடிக்காது, ஆனால் வெடிப்பு விடும். அழுத்தி வளைத்துச் செய்த பித்தளைக்குள் ஓர் இழுவிசை எப்போதும் இருக்கும். அதில் அமோனியா படப்பட முடிபோன்ற கோடுகள் விழும். பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடித்திருந்தன. குதிரை மூத்திரத்தில் இருந்து வந்த அமோனியாதான் காரணம். எங்கள் வீடுகளில் பழைய லாம்பு தொங்குவது பெரும்பாலும் மாட்டுக்கொட்டிலில், இல்லையென்றால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில். அங்கிருந்து எடுத்த லாம்பு என்றால் தாங்கியின் தோள் வளைவையும் வாய் மரையைச் சுற்றியும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தண்ணீர்ப் பரிசோதனை இதற்கும் உண்டு. அமோனியா கலந்த துடைக்கும் திரவங்களைப் பித்தளைக்குப் பாவிக்க வேண்டாம்.

சட்டத்துக்கும் மேல்மூடிக்கும் என்ன பூசுவது?

சட்டத்தில் நிக்கல் பூச்சு முக்கால்வாசி இருந்தால் ஒன்றும் பூசாதீர்கள். கறள் புள்ளிகளை எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து, மெல்லியதாக எஞ்சின் எண்ணெய் துடைத்துவிடுங்கள். அந்த லாம்பின் வயது அதில் தெரியட்டும். என்னுடைய அபிப்பிராயம் இது, மினுங்கவேண்டும் என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

மேல்மூடி எரியும் மென்டிலுக்கு நேர் மேலே இருப்பது. சாதாரணப் பெயின்ற் முதல் இரவிலேயே கொப்பளித்துப் புகைந்துவிடும். மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கு அடிக்கும், 600 பாகை தாங்கும் பெயின்ற் ஹாட்வெயார்க் கடையில் கிடைக்கும். இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்து, மெல்லியதாக இரண்டு கை அடித்து, போத்தலில் எழுதியிருக்கும் முறைப்படி சூடாக்கி இறுகவிட வேண்டும். பழைய இனாமல் பூச்சு விளிம்பில் மட்டும் உதிர்ந்திருந்தால் அந்த விளிம்புக்கு மட்டும் அடியுங்கள்.

கறள் மாற்றி என்று விற்கும் திரவம் சட்டத்தின் உள்மடிப்புகளுக்கு நல்லது. வாழைக்காய் வெட்டின கத்தி கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாழைக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. இந்தத் திரவங்களில் பலவற்றிலும் அந்தத் துவர்ப்புப் பொருள்தான் வேலை செய்கிறது. தாங்கிக்குள் மட்டும் ஊற்ற வேண்டாம்.

கைபிடியில் கொஞ்சம்தான் கறள். கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். நான் சின்னப்பெடியனாக இருந்தபோது முள்ளியவளைப் பக்கம் ஒரு கோவலன் கூத்துக்கு எங்கள் மாமா லாம்பு கொண்டுபோனார். பாலை மரக் கொப்பில் தொங்கவிட்டிருந்தது. கூத்து நடுவில் இருக்கும்போது கைபிடிக் கம்பி காதுக்குள் நுழையும் வளைவில் முறிந்து லாம்பு விழுந்தது. மணல் தரை, பக்கத்தில் ஆளில்லை, மாமா ஓடிப்போய்ச் சாக்கை நனைத்துப் போர்த்திவிட்டார். விடிந்த பிறகு முறிந்த கம்பியைக் காட்டினார். வெளியே தெரிந்த இடமெல்லாம் நல்ல கம்பி, காதுக்குள் மறைந்து உரசிக்கொண்டிருந்த இடத்தில் பென்சில் முனைபோல மெலிந்திருந்தது.

அதனால் கைபிடியைக் கழற்றி அந்த வளைவைப் பாருங்கள். பாதி மெலிந்திருந்தால் புதுக் கம்பி வளைத்துப் போடுங்கள். சைக்கிள் ஸ்போக் போதாது, அதைவிடத் தடித்த கம்பி வேண்டும். காதில் துவாரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்தக் காதுக்கு லாம்பைத் தூக்கும் வேலை கொடுக்கக் கூடாது.

பம்பும் ஸ்பிரிங்கும்?

கறள் பிடித்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள், திருத்த நினைக்காதீர்கள். பம்ப் அடியில் இருக்கும் திரும்பாவால்வின் சின்ன ஸ்பிரிங் உளுத்தால் மண்ணெண்ணெய் பம்ப் குழாய்க்குள் ஏறும். பம்ப் பிடி தானாக மேலே எழும்பினால் அதுதான் அடையாளம். பம்பின் தோல் வாஷருக்குத் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விடும் பழக்கம் இருக்கிறது. நாள் போகப்போக அது பிசினாகும். தையல் மெசின் எண்ணெய் நல்லது.

உள்ளே வெள்ளைத் தூசி இருக்கிறது. ஊதிவிடலாமா?

வேண்டாம். பழைய மென்டிலில் தோரியம் இருந்தது, லேசான கதிர்வீச்சுள்ள பொருள். தூசியை மூச்சில் எடுக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியை எறிந்து, கையைக் கழுவுங்கள்.

மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் பெற்றோல் விடலாமா?

இல்லை. ஒரு கரண்டி கலப்பதும் இல்லை.

மாரி வருகிறது. திருத்திய லாம்பை எப்படி வைப்பது?

ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வன்னிக் காற்றில் ஈரம் நிற்கும். தாங்கியை முழுக்க வெறுமையாக்கி, இரும்பு என்றால் உள்ளே ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டி, வாயை இறுக்குங்கள். அடுத்தமுறை எரிக்கமுன் மண்ணெண்ணெயால் அலசி எடுத்தால் சரி. பொலித்தீனில் கட்டி வைக்காதீர்கள், உள்ளேயே வேர்க்கும். பழைய பருத்திச் சேலைத் துணியால் சுற்றி, சமையலறைப் பக்கம், சீமெந்துத் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள்.

இடம்பெயரும்போது புதைத்துவிட்டுப் போன லாம்பு. தோண்டி எடுக்கலாமா? திருத்தலாமா?

முதலில் இடம். கண்ணிவெடி அகற்றி முடித்த காணிதானா என்று தெரியாமல் மண்வெட்டி போடாதீர்கள். மண்ணுக்குள் கறள் பிடித்த உருண்டையாக எது தட்டுப்பட்டாலும் அது லாம்பென்று நினைத்து இழுக்க வேண்டாம். கைவைக்காமல் விலகி, பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ அறிவியுங்கள்.

பத்திரமாக எடுத்த லாம்பு என்றால் கொண்டுவாருங்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து ஒரு குடும்பம் உரப்பையில் சுற்றி 2009 தொடக்கத்தில் புதைத்த லாம்பைக் கொண்டுவந்தது. சட்டம் மூன்று துண்டு, தாங்கியின் அடி உரப்பையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எரிக்க வழியே இல்லை. தகப்பனின் லாம்பு, அவர் இப்போது இல்லை. மகள் ஒரு வார்த்தையும் பேசாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதிரி லாம்புக்கு வேறு முறை. கறளைச் சுரண்டி எடுக்கவில்லை, சுரண்டினால் மிஞ்சுவதற்கு இரும்பே இல்லை. மழைநீரில் ஊறவைத்து உப்பையும் மண்ணையும் எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கறள் மாற்றியைத் தூரிகையால் தடவி இறுகவிட்டோம். கழன்ற துண்டுகளை மெல்லிய பித்தளைக் கம்பியால் கட்டினோம். இனி ஒருவரும் தவறிக்கூட எண்ணெய் ஊற்றக்கூடாது என்பதற்காகத் தாங்கியின் வாயை எபொக்சியால் நிரந்தரமாக அடைத்தேன். மென்டில் இருந்த இடத்தில் 12 வோல்ற் எல்.ஈ.டி. பல்ப் ஒன்றைப் பொருத்தி, வயரைச் சட்டத்தின் பின்காலோடு மறைத்துச் சோலர் பற்றரிக்குக் கொடுத்தோம். மஞ்சள் வெளிச்சப் பல்ப் வேண்டுமென்று மகள் கேட்டார். வெள்ளை வாங்கி வைத்திருந்தேன், கடைக்குப் போய் மாற்றிவந்தேன். இப்போது அது அவர்கள் விறாந்தையில், தகப்பன் முன்பு தொங்கவிட்ட வளையைப்போல ஒரு வளையில் தொங்குகிறது.